நாயின் பங்கு

ஜூன் மாதத்தில் பாலன் குடிலை வெளியே எடுத்த ஒரே கத்தோலிக்கர் எங்கள் பத்திநாதர் அண்ணையாகத்தான் இருப்பார். மொன்றியலில், பியர்பொன்ட்ஸில், மகன் ஜெராட்டின் வீட்டுப் பேஸ்மென்ற்றில், பேரப்பிள்ளைகள் பந்தடிக்கிற மேசைக்கு மேலே, பழுப்புக் கடதாசியைக் கசக்கிக் கசக்கி ஒரு மலை செய்து வைத்திருந்தார். கிறிஸ்து பிறந்த நத்தாருக்குச் செய்கிற அதே மலைதான். ஆனால் தொழுவம் இல்லை, மாதாவும் சூசையப்பரும் இல்லை. அவர்கள் பஞ்சு சுற்றியபடி பெட்டிக்குள் படுத்திருந்தார்கள். மலை உச்சியில் ஒரு பிளாஸ்ரர் செம்மறி மட்டும் தனியாக நின்றது. அதன் தலையில் மெல்லிய கம்பியை வளைத்து இரண்டு கொம்பு ஒட்டியிருந்தார்.

"உதுதான் ஷமுவா," என்றார்.

"எனக்குச் செம்மறியாத்தான் தெரியுது."

"கொம்பைப் பாரும் ஐசே. நேர எழும்பி, நுனியில பின்னுக்குக் கொக்கி மாதிரி வளையுது. அல்ப்ஸ் மலையாடு. உதை நான் சுடவேணும்."

மலையடிவாரத்தில், பாலனைப் பார்க்க வருகிற மூன்று ராசாக்கள் நின்றார்கள். வெள்ளைத்தாடி ராசா அவர். கறுத்த ராசா நான். அதில் பேச்சுக்கே இடமில்லை என்றார். மூன்றாமவர் எங்களுக்கு வழிகாட்டப் போகிற ஒஸ்திரியாக்காரன். அவனுடைய ஒட்டகம் போன நத்தாருக்கு உடைந்துபோனதால் அவனையும் நடக்க விட்டிருந்தார். காற்று எந்தப் பக்கமிருந்து வரும், ஆடு எந்தப் பக்கம் பார்க்கும், நாங்கள் எந்தப் பள்ளத்தால் பதுங்கி ஏறுவது என்று ராசாக்களை ஒவ்வொருவராக நகர்த்திக் காட்டினார். செப்டெம்பரில் ஐந்து நாள் பயணம். எங்கள் இருவருக்கும் வாழ்க்கையில் முதல் ஷமுவா.

மருமகள் சர்மிளா தேத்தண்ணியுடன் இறங்கி வந்தாள். மேசையைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"மாமா, பிள்ளையள் பள்ளிக்கூடத்தில போய்ச் சொல்லப் போகுதுகள், எங்கட வீட்டில மூண்டு ராசாக்களும் ஆட்டைச் சுடப் போகினம் எண்டு."

"சொல்லட்டும். ராசாக்கள் வேட்டையாடுறதுதானே வழக்கம்."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே மாமனாரை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையை நான் அப்போது கணக்கெடுக்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லவில்லை. நான் நகுலேஸ்வரன். டோர்வல் விமானநிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். அதற்குப் புதுப்பெயர் வைத்து மூன்று வருடமாகியும் எங்களுக்கு அது டோர்வல்தான். பத்திநாதர் அண்ணை ஓய்வு பெறும்வரை எனக்குப் பக்கத்து பெல்ட்டில் நின்றவர். அவர் மன்னார்க் கத்தோலிக்கர். நான் யாழ்ப்பாணத்துச் சைவம். இந்த ஊரில் துவக்குக்கும் வேட்டைக்கும் வகுப்பு எடுத்துச் சோதனை பாஸ் பண்ணவேண்டும். ஒருநாள் அவர் அந்த வகுப்புக்குப் போகிறேன் என்றார். துணைக்கு நானும் போனேன். பாஸ் பண்ணியும் விட்டேன். யோகராணி, என் மனைவி, அந்தச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "சைவக்காரனுக்கு என்ன கண்டறியாத வேட்டை," என்று ஒருகிழமை என்னோடு கதைக்கவில்லை.

அவள் பயந்திருக்கத் தேவையில்லை. எனக்குச் சுட வராது. துவக்கைத் தூக்கினாலே மான் எனக்காக இரங்கி நிற்பதுபோலவும் நான் அதற்காக இரங்கி நிற்பதுபோலவும் ஆகிவிடும். எனக்கு இழுக்க வரும். பெட்டி இழுத்த கை. வடக்கே லோரன்ஷியன் காடுகளில் அவர் சுட்ட மான்களை எல்லாம் காருக்கு இழுத்து வந்தது நான்தான். இறைச்சி அவர் வீட்டுக் குளிர்பெட்டிக்குள் போகும். என் வீட்டுக் குளிர்பெட்டிக்குள் வெள்ளிக்கிழமை முட்டைகூட ஒளிந்துதான் இருக்கும்.

ஷமுவா ஆசை அவருக்கு ஒரு கலண்டரால் வந்தது. அவருடைய தம்பி கிறகரி சுவிஸில் ஒரு மலை ஊரில் ஹோட்டல் குசினியில் வேலை. வருடாவருடம் கலண்டர் அனுப்புவான். ஒரு வருடம் நொவெம்பர் மாதப் படத்தில் இந்த ஆடு ஒரு பாறை விளிம்பில், நான்கு காலும் ஒரு கோப்பைக்குள் அடங்குகிற இடத்தில் நின்றது. அண்ணை அந்தத் தாளைக் கிழிக்கவே இல்லை. வருடங்கள் போயின. பேஸ்மென்ற்றில் மட்டும் எப்போதும் நொவெம்பர்.

இனி என் கதை. யோகராணி ரொறன்ரோவுக்குப் போனாள், மகள் சாம்பவியின் பிள்ளைப்பேற்றுக்கு. மூன்று மாதத்தில் வாறன் என்றுதான் போனாள். பேரன் தவழ்ந்து, நடந்து, இப்போது நேர்சரிக்குப் போகிறான். யோகராணி இன்னும் வரவில்லை. சண்டை என்றால் சமாதானம் ஆகலாம். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை, அதுதான் கரைச்சல். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் சாப்பிட்டாச்சோ என்று கேட்பாள். சாப்பிட்டாச்சு என்பேன். பிறகு பேரனிடம் கொடுப்பாள். அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். நான் ரொக்ஸ்பரோவில் ரெயில் பாதைக்குப் பக்கத்து வீட்டில் தனியே இருந்தேன். கடைசி ரெயில் போனபின் வீட்டில் குளிர்பெட்டி மட்டும்தான் கதைக்கும்.

வேலையில் போன்ஜூர், மெர்சி. அதற்கு மேல் வாய் திறக்கத் தேவையில்லை. சனிக்கிழமை காலையில் பியர்பொன்ட்ஸுக்குப் போகிற பஸ்ஸில் ஏறும்போதுதான் என் தொண்டையைச் செருமிச் சரிபார்ப்பேன், குரல் இருக்கிறதா என்று. ஷமுவா விழுந்தாலென்ன, ஓடினாலென்ன. எனக்கு வேண்டியது அந்த மனிதருடன் அந்த ஐந்து நாளும், அதற்கு முந்திய சனிக்கிழமைகளும்தான். இதை நான் வெளியே சொல்லவில்லை. ஆண்கள் இருவர் இதையெல்லாம் எப்படிச் சொல்லிக்கொள்வது?

சனிக்கிழமைகளில் மலைக்கு முன் உட்கார்ந்து கிறகரிக்குப் போன் எடுப்போம். போன் கார்ட்டின் பின்பக்கத்தை நாணயத்தால் சுரண்டுவது என் வேலை. ஸ்பீக்கரைப் போட்டதும் அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்குவார்கள். கிறகரியை நான் நேரில் கண்டதில்லை. குரல் மட்டும் தெரியும், எந்நேரமும் ஏதோ சட்டி பக்கத்தில் கொதிக்கிறதுபோல அவசரமான குரல். அவன் இருக்கிற ஊரிலிருந்து எல்லையைத் தாண்டினால் ஒஸ்திரியா. ஹோட்டல் முதலாளியின் கூட்டாளி ஒருவன் அங்கே வெளியூர்க்காரரை மலைக்குக் கூட்டிப்போகிறவன். துவக்கும் அவனே தருவான். எந்த ஆட்டைச் சுடலாம் என்று அவன் காட்டுவான், அதைத்தான் சுடலாம், குட்டியோடு நிற்கிற தாயைத் தொடக்கூடாது. புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வராதீர்கள், இப்போதே போட்டு நடந்து பழக்குங்கள். இப்படி வாராவாரம் சொல்லித் தருவான்.

ஒரு சனிக்கிழமை அவன் சொன்னான்.

"அண்ணை, இன்னொண்டு. மிருகம் விழுந்தாப்பிறகு உடன தூக்கக்கூடாது. வழிகாட்டி பக்கத்து மரத்தில ஒரு சின்னக் கொப்பு முறிப்பான். ஒரு துண்டை மிருகத்தின்ர வாயில வைப்பான். கடைசிக் கவளம் எண்டு அதுக்குப் பேர். எல்லாரும் தொப்பியைக் கழட்டிப்போட்டு நிப்பினம். மற்றத் துண்டு சுட்டவனுக்கு. தொப்பியில செருகவேணும்."

"இது எங்கட வாய்க்கரிசியெல்லோ," என்றேன் நான்.

பத்திநாதர் அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கட ஆக்கள்தான் ஐசே, செத்தவனுக்கும் சோறு தீத்துறவை. நாங்கள் அப்பிடியில்லை. சாகமுதல் சுவாமியார் வந்து நாக்கில நன்மை அப்பம் வைப்பார். உயிரோட இருக்கேக்க தந்தாத்தானே வழிக்கு உதவும்."

"செத்தாப்பிறகுதானே வழி தொடங்குது. அப்ப குடுக்கிறதுதான் சரி."

"ஆட்டுக்கு ஆர் சரி? சுவாமியாரோ, உம்மட ஐயரோ?"

"அதுக்கு இலை," என்றது போன். "ரெண்டுபேரும் சண்டை பிடிக்காதையுங்கோ. கார்ட் முடியப் போகுது. இன்னும் கிடக்கு. காயப்பட்ட மிருகத்தைத் தேட நாய் வந்திருந்தா, சுட்டவன் தன்ர துண்டில கொஞ்சம் முறிச்சு நாய்க்காரனிட்டைக் குடுக்கவேணும். அதை நாயின்ர கழுத்துப் பட்டியில செருகுவினம். அதுவும் கூட வந்ததுதானே எண்டு ஒரு மரியாதை."

அண்ணை என்னைப் பார்த்தார். வெள்ளைத்தாடி ராசாவைப்போலவே பார்த்தார்.

"அப்ப சரி. தொப்பியில எனக்கு. பட்டியில நகுலேசுக்கு."

"என்னை நாய் எண்டுறியள்."

"நீர்தானே ஐசே கூட வாறனீர். சுடவும் மாட்டீர். இழுத்துக்கொண்டு வாறது நீர்தான். நாயின்ர பங்கு உமக்குத்தான்."

கிறகரி மறுமுனையில் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அதன்பிறகு எனக்கு அந்த வீட்டில் பெயர் அதுதான். கேக் வெட்டினாலும், மாம்பழம் வெட்டினாலும், "நாயின்ர பங்கை எடுத்து வையும் பிள்ளை," என்பார் சர்மிளாவிடம். அவளுக்குக் கதை தெரியாது. வயதானவர்களின் முசுப்பாத்தி என்று விட்டுவிடுவாள். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. ஒருவருடைய வீட்டில் நமக்கென்று ஒரு பங்கு எடுத்து வைக்கிறார்கள் என்றால் அது எந்தப் பெயரில் இருந்தால் என்ன?

ஜூலையில் மலையேறிப் பழகத் தொடங்கினோம். மொன்றியலுக்கு நடுவில் ஒரு மலை நிற்கிறது. ஒஸ்திரியாக்காரன் கண்டால் அதன்மேல் கோப்பி வைத்துக் குடிப்பான். எங்களுக்கு அதுதான் கிடைத்தது. ரொக்ஸ்பரோவில் ரெயில் ஏறினால் அது அந்த மலைக்குக் கீழே சுரங்கத்தால் போய் நகரத்தில் விடும். மலைக்கு அடியால் போய் இறங்கி, திரும்ப வந்து அதே மலையில் ஏறுகிற இரண்டு விசரர்கள் நாங்கள். புதுச் சப்பாத்து, முதுகில் பை, பைக்குள் பாரத்துக்கு அரிசிப் பக்கற்.

முதல்முறை மரப்படிகளில் இரண்டு இடத்தில் நின்றார். காட்சி பார்க்கிறாராம். அடுத்தமுறை அதிக இடங்களில் காட்சி பார்த்தார். மூன்றாம்முறை காட்சி ஒன்றும் தெரியாத ஒரு வளைவில், மேப்பிள் மரங்களுக்குள்ளே, படியில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஓட்டப்பயிற்சிக்கு ஓடிவந்த இளம்பெட்டை ஒருத்தி நின்று, பிரெஞ்சில், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அவர் கையை உயர்த்தி மெர்சி சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"அண்ணை, இது காட்சி பாக்கிற மூச்சில்லை. நாளைக்கே டொக்டரிட்டைப் போறம். நான் ஜெராட்டுக்குச் சொல்லப் போறன்."

"ஜெராட்டுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நுரையீரலில கிடக்கு. ஈஸ்டருக்கு முதலே சொல்லிட்டாங்கள். வெட்டவும் ஏலாதாம். சர்மிளாக்கும் தெரியும். கிறகரிக்கும் தெரியும். உமக்கு மட்டுந்தான் சொல்லேல்லை."

நான் நின்றபடியே இருந்தேன். பையிலிருந்த அரிசி முதுகை இழுத்தது. சர்மிளாவின் அந்தப் பார்வை, போனில் கிறகரி சில நேரம் சடாரென்று பேச்சை மாற்றுவது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து இடத்தில் உட்கார்ந்தன. எல்லாருக்கும் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாமல், நான் காற்று எந்தப் பக்கம் என்று ராசாக்களை நகர்த்திக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா மலையைக் கலைச்சுப் போடுவீர்."

"கலைக்காமல்? நான் ஆர் உங்களுக்கு, சொல்லாமல் விட?"

அவர் மூச்சை எடுத்து எடுத்துச் சொன்னார். "வீட்டில நான் வருத்தக்காரன். மேல போனா, இருங்கோ, குடியுங்கோ, குளிசை போட்டாச்சோ. பேரன்கூட மெல்ல நடக்கிறான். கீழ வந்து உம்மோடை இருக்கேக்க மட்டுந்தான் நான் வேட்டைக்காரன். அதைக் கெடுக்க மனமில்லை ஐசே."

அவருடைய பையை வாங்கி என் மார்புப்பக்கம் போட்டுக்கொண்டேன். முன்னும் பின்னும் அரிசியோடு, அவரைக் கையில் பிடித்தபடி இறங்கினேன். ரெயில் ஏறினோம். சுரங்கத்துக்குள் போனபோது ஜன்னலில் எங்கள் முகங்கள் தெரிந்தன. அவர் என் முகத்தைப் பார்த்து, ஜன்னல் வழியே, "அடுத்த சனி வருவீர்தானே?" என்று கேட்டார்.

"வராமல் வேற எங்கை போறது," என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். ஆனால் அது உண்மை.

அடுத்த சனிக்கிழமை போனேன். மலை அப்படியே நின்றது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளங்கையை உச்சியில் வைத்து மெதுவாக அழுத்தினார். கடதாசி சரசரவென்று அமர்ந்தது.

"உது கொஞ்சம் உயரம் கூட. ஆடு இன்னும் கீழயும் நிக்குமாம். கிறகரி சொன்னவன்."

"ஓம், செப்டெம்பரில கீழ இறங்கும்," என்றேன். எனக்கு ஆட்டைப் பற்றி என்ன தெரியும்?

அப்படித்தான் மலை வாராவாரம் பதிந்தது. முதலில் உச்சி போனது. பிறகு ஏறிப்போய்த் தங்க நினைத்த மரக்குடில் அடிவாரத்துக்கு வந்தது. பிறகு அந்தக் குடில்வரை ஜீப் போகும் என்று ஆயிற்று. செம்மறி ஒவ்வொரு சனியும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. ராசாக்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நாங்கள் இருவரும் முகத்தை வெகு மும்முரமாக வைத்துக்கொண்டு திட்டம் போட்டோம். காற்று எந்தப் பக்கம்? வெயில் கண்ணில் அடிக்குமா? வழிகாட்டி தருகிற துவக்கு இடதுகைக்காரரான அவருக்குச் சரிவருமா? கிறகரியும் போனில் ஒன்றும் தெரியாதவன்போல விளக்கம் சொன்னான், ஆனால் குரல் முன்புபோல அவசரப்படவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது இப்போது அவனுக்கும் தெரியும்.

அந்த நாட்களில் வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வரும். சொல்ல வெட்கம்தான், ஆனால் வரும். சாகப் போகிறவர் அவர், அழுவதோ என்னை நினைத்து. அவருக்குப் பிறகு சனிக்கிழமை என்று ஒரு நாள் வருமே, அதை நான் என்ன செய்வது?

ஓகஸ்ட் நடுவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வேலை முடிந்து போனபோது மூக்கில் குழாய். ஜெராட்டும் சர்மிளாவும் கோப்பி குடிக்க இறங்கினார்கள், என்னை நம்பி. அவர் கண் திறந்து, கிட்ட வரச் சொன்னார்.

"ஆடு றோட்டுக்கு வந்திட்டுது நகுலேசு."

"ஓமண்ணை. கார்க் கதவைத் திறந்தாச் சரி."

"காத்து?"

"எங்கட பக்கம்தான் வருது. அதுக்கு மணம் பிடிக்காது."

அவர் திருப்தியாகக் கண்ணை மூடினார். அந்த நேரம் சுவாமியார் வந்தார், ஜெராட்டும் சர்மிளாவும் பின்னால் வந்தார்கள். நான் எழும்பி வெளியே போனேன். நான் வீட்டு ஆளும் இல்லை, வேதக்காரனும் இல்லை. வராந்தாவில், துணிகள் ஏற்றிய ஒரு தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே செபம் கேட்டது. இந்த மனிதரோடு எத்தனை காட்டில் படுத்திருக்கிறேன், ஆனால் இந்தக் கதவுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் சுவாமியாரை வழியனுப்பப் போனபின் உள்ளே போனேன். அவர் நாக்கால் உதட்டை நனைத்தார். நன்மை ஒரு துணுக்குத்தான் கொடுத்தார்களாம், விழுங்கவே கஷ்டப்பட்டாராம்.

"நான் வெண்டிட்டன்," என்றார். "உயிரோட இருக்கேக்கயே வாங்கிட்டன். உம்மட அரிசிக்கு இனி இடமில்லை."

"இலைக்கு?"

சிரிக்கப் பார்த்தார், அது இருமலாகப் போனது. இருமி முடித்துச் சொன்னார்.

"இலைக்கு இடம் இருக்கு."

அதுதான் அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது. மூன்றாம் நாள் நான் ஒரு லண்டன் விமானத்துக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது ஜெராட் போன் எடுத்தான்.

உடலைப் பார்வைக்கு வைத்த நாளில் வேலையில் லீவு தரவில்லை. சொந்தமா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வேலை முடிந்த கையோடு, கழுத்தில் தொங்குகிற விமானநிலைய அட்டையைக்கூடக் கழற்றாமல் போனேன். போகிற வழியில் ஜெராட்டின் வீட்டடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வீட்டில் ஒருவரும் இல்லை. முன்னால் அவர் வருடாவருடம் கத்தரித்து விடுகிற சீடர் வேலி இந்த வருடம் காடாய் வளர்ந்து கிடந்தது. அதில் ஒரு கொப்பை முறித்தேன், அதை இரண்டாக்கினேன். ஒஸ்திரியாக்காரர் சீடரை ஒத்துக்கொள்வார்களோ தெரியாது. ஒரு துண்டைக் கைக்குள் பொத்தினேன், மற்றதைப் பொக்கற்றில் வைத்தேன்.

மண்டபம் நிறையச் சனம். செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஜெராட், சர்மிளா, பிள்ளைகள், பக்கத்தில் பத்திநாதர் அண்ணையின் மூக்கை அப்படியே வைத்த ஒரு கட்டையான மனிதன். கிறகரி என்று தெரிந்தது. நான் வரிசையில் நின்று முன்னால் போனேன். அவருக்குக் கோட்டும் ரையும் போட்டிருந்தார்கள், கையில் செபமாலை சுற்றியிருந்தது. முகத்தில் ஏதோ பூசி, மூச்சு முட்டாத மனிதர்போல ஆக்கியிருந்தார்கள். நான் தொப்பியைக் கழற்றினேன். சீடர் துண்டை எடுத்து அவருடைய உதட்டின்மேல் வைத்தேன்.

செபம் நின்றுவிட்டது. பின்னாலிருந்து யாரோ ஒரு பெண், "ஐயோ, என்ன செய்யிறார் உவர்?" என்றாள். இன்னொருவர், "சைவக்காரர், வாய்க்கரிசி போடுறார்," என்று விளக்கம் சொன்னார். சர்மிளா எழும்பி வந்து, என்னைப் பார்க்காமலே, ரிஷுக் கடதாசியால் அதை எடுத்து, உதட்டைத் துடைத்தாள். ஜெராட் என் முழங்கையைப் பிடித்தான். பிடித்த பிடி மெதுவாகத்தான் இருந்தது.

"அங்கிள், பிழையா நினைக்காதையுங்கோ. இது எங்கட வழக்கம் இல்லை."

எங்கட வழக்கமும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு யாருடைய வழக்கம் என்று கேட்டால்? கடதாசி மலையையும், கொம்பு ஒட்டிய செம்மறியையும், ஆட்டுக்குக் கொடுக்கிற கடைசிக் கவளத்தையும் அவ்வளவு சனத்துக்கு முன் எந்த நுனியில் பிடித்துச் சொல்லத் தொடங்குவது? நான் வைத்தது வாய்க்கரிசியா, வேட்டைக்காரரின் கவளமா என்று எனக்கே தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். என் பின்னால் செபமாலை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

கார்கள் நிற்கிற வெளியில் வெயில் இன்னும் இருந்தது. பஸ் எப்போது வரும் என்று பார்க்கவும் மனமில்லாமல் நின்றேன். அவமானம் ஒருபக்கம். அதைவிட, நடந்ததைச் சொல்லிச் சிரிப்பதற்கு இருந்த ஒரே ஆள் உள்ளே படுத்திருக்கிறார் என்பதுதான் என்னைக் கொன்றது. அவர் இருந்திருந்தால் இதை ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

"நகுலேஸ் அண்ணை?"

போன் குரல். கிட்டத்தில் கேட்க வித்தியாசமாக இருந்தது. சட்டி ஒன்றும் கொதிக்கவில்லை.

"நான் எழும்பிச் சொல்லியிருக்கவேணும்," என்றான் கிறகரி. "வாய் வரேல்லை. என்ர அண்ணனுக்கு நான் வைக்க நினைக்கேல்லை, நீங்கள் வைச்சிட்டியள்."

"பிழையெண்டா மன்னிச்சுக்கொள்ளும்."

"பிழையோ? இலைக்கு இடம் இருக்கெண்டு நகுலேசுக்குச் சொல்லிட்டன் எண்டு அண்ணை ஆஸ்பத்திரியில இருந்து எனக்குச் சொன்னவர். ஜெராட்டின்ர போனில. நான் கடைசியாக் கேட்டது அதுதான்."

இருவரும் கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குரலில் பழகியவர்களுக்கு முகத்தைப் பார்த்துக் கதைக்கக் கூச்சமாக இருக்கும்.

"செப்டெம்பருக்கு என்ன செய்யப் போறியள்? அந்த ஒஸ்திரியாக்காரனுக்கு ஒரு பதில் சொல்லவேணும்."

"ஆரோடை வாறது?" என்றேன்.

சனிக்கிழமை விமானத்தில் அவனும் போய்விடுவான். பிறகு கேட்டான்.

"மற்றத் துண்டு எங்கை?"

பொக்கற்றிலிருந்து எடுத்துக் காட்டினேன். அது கொஞ்சம் கசங்கியிருந்தது. விரலெல்லாம் சீடர் மணம்.

"இது சுட்டவனுக்குரியது," என்றேன். "சுட்டவர் இல்லை."

"சுட்டவர் இல்லாட்டி?" கிறகரி அதை என் கையிலிருந்து வாங்கினான். இவ்வளவு நேரமும் அழாமல் நின்றவனுக்கு இப்போது குரல் உடைந்தது. "கூட வந்தவருக்குத்தான் அண்ணை முழுக்க."

இலையோடு அவன் என் கழுத்தில் தொங்கிய அட்டையின் பட்டிக்குக் கையை உயர்த்தினான். கட்டையான மனிதன், எட்டவில்லை. நான் குனிந்து கழுத்தைக் கொடுத்தேன்.